கருப்பன் பங்கு

புருஷன் செங்கோடனின் கண்ணிமையை டாக்டர் கட்டைவிரலால் நீவிப் பார்த்தபோது இருசாயிக்குப் பகீரென்றது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளே அந்த இடத்தைத் தொட்டதில்லை. மூக்கை ஒட்டிய இமையோரத்தில், இரண்டு கண்ணிலும், தினையை அப்பி ஒட்டவைத்ததுபோல மஞ்சளாகப் புடைத்திருக்கும் அதை ஊரில் தினைக்குறி என்பார்கள். எல்லைக் கருப்பன் தனக்கென்று பொறுக்கியெடுத்த ஆளுக்கு வைக்கிற குறி அது. அதைப் போய் இந்த மனுஷன் ஏதோ வேர்க்குருவைப் பார்ப்பதுபோல அமுக்கிப் பார்க்கிறாரே என்று அவளுக்கு வாய்வரை வந்துவிட்டது. அத்தோடு விட்டாரா? விரல் முட்டிகளைத் தடவினார். காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைக்கச் சொல்லி, குதிகாலுக்கு மேலே நரம்பை இரண்டு விரலால் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு கை கழுவப் போனார்.

ஊரில் சாமைக் காட்டில் நின்றுகொண்டிருந்த செங்கோடன் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவனுடைய பலாக்காட்டுப்பட்டி ஆட்கள் கம்பில் தூளி கட்டி அவனை மலையடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு இறக்கினார்கள். அங்கிருந்து துறையூர், துறையூரிலிருந்து பஸ்ஸில் திருச்சி ஆஸ்பத்திரி. மலைக்கு ரோடு வரப்போகிறது என்று யார் யாரோ வந்து சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருந்த காலம் அது. அளந்தவர்கள் போனார்களே தவிர ரோடு வரவில்லை. செங்கோடனுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. ஆள் தேக்குக் கட்டை மாதிரி இருப்பான். இப்படிப்பட்டவனுக்கு நெஞ்சில் என்ன கோளாறு வந்துவிடும், காற்றுப் பிடிப்பாக இருக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

கை கழுவிவிட்டு வந்த டாக்டர் வீட்டில் வேறு யாருக்கெல்லாம் இப்படி இருந்தது என்று கேட்டார். இதைச் சொல்ல இருசாயிக்கு என்ன தயக்கம்? அவருடைய அப்பனுக்கு இருந்தது, அண்ணனுக்கு இருந்தது, அத்தை ஒருத்திக்குக்கூட இருந்தது, எல்லோரையும் தலை நரைக்கும் முன்னாலேயே கருப்பன் கூப்பிட்டுக்கொண்டார் என்று பெருமையாகவே சொன்னாள். தனக்கு வேண்டியவர்களை அவர் ரொம்ப நாள் விட்டுவைக்க மாட்டார் என்றும் சேர்த்துச் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடிவிட்டு, தினமும் என்ன சாப்பிடுவார் என்று கேட்டார்.

அதைச் சொல்லும்போது அவள் குரல் இன்னும் நிமிர்ந்தது. ஊரில் எந்த வீட்டில் கிடா வெட்டினாலும் வயிற்றுக் கொழுப்பான நெணமும் ஈரலும் மூளையும் முதலில் குறிக்காரர் வீட்டுக்குத்தான் வரும். எருமை கன்று போட்டால் முதல் வெண்ணெயை உருக்கிக்கொண்டு வருவார்கள். அடைக்கோழி உட்காரும் முன் முட்டையை எடுத்து வருவார்கள். கருப்பன் பங்கு என்று அதற்குப் பெயர். கொண்டுவந்தவர்கள் வைத்துவிட்டுப் போய்விடுவதில்லை. வாசலில் உட்கார்ந்து, குறிக்காரர் அதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்திருந்து, காலிச் சட்டியை வாங்கிக்கொண்டுதான் போவார்கள். சட்டியில் மிச்சம் வைத்தால் அந்த வீட்டுக்கு ஆகாது. ஊரே கேழ்வரகுக் களியும் கீரையுமாகக் கிடக்கும்போது செங்கோடன் வீட்டில் மட்டும் நெய்வாசம் அடங்கின நாள் கிடையாது. மலையில் இன்னொரு பகுதியான பெரக்கரை நாட்டிலிருந்து இவளை இந்த ஆலத்தூர் நாட்டுக்குக் கட்டிக்கொடுத்ததே அந்த வாசத்தை நம்பித்தான்.

டாக்டர் நல்ல மனுஷன். சிரிக்கவில்லை, திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, இது சாமி வச்ச குறி இல்ல. ரத்தத்துல கொழுப்பு மிஞ்சிப்போய் வெளிய தோல்ல வந்து நிக்குது. உள்ள நெஞ்சுக்குப் போற ரத்தக் குழாய்லயும் இப்படியே படிஞ்சிருக்கும். பிறவியிலேயே சில பேர் ஒடம்புக்கு அதைக் கழிக்கத் தெரியாது. அவங்களுக்குப் போய் நெய்யும் நெணமுமா குடுத்தா என்ன ஆகும், சொல்லுங்க?"

கொலஸ்ட்ரால் என்று ஒரு வார்த்தை சொன்னார். அது அவள் வாயில் நிற்கவில்லை. ஆனால் மற்றதெல்லாம் காதில் ஆணி அடித்ததுபோல நின்றது. இதைக் கரைக்கிற மாத்திரை தன்னிடம் இல்லை, கையில் இருப்பது சாப்பாடு ஒன்றுதான் என்றார். நெய், நெணம், ஈரல், மூளை, முட்டையின் மஞ்சள் எதுவும் ஆகாது. கேழ்வரகு, சாமை, கொள்ளு, அவரை, கீரை, பழம் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். வாயைக் கட்டினால் இன்னும் சில வருஷம் ஓட்டலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, கட்டாவிட்டால் அதுவும் இல்லை. பிள்ளைகளுக்கும் வரலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். செங்கோடன் கட்டிலில் படுத்தபடி தன் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி மலையேறும்போது அவன் நிற்க நிற்க இவளும் நின்றாள். ஏறுகிற ஒவ்வொரு வளைவிலும் அவளுக்கு ஒவ்வொருத்தர் ஞாபகம் வந்தார்கள். ஊர்க்கவுண்டர் காளியண்ணன் இருக்கிறாரே, அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. களியைத் தவிர ஒன்றும் அறியாத மனுஷன், இன்றைக்கும் மூட்டையோடு இந்த வழியில் ஏறி இறங்குகிறார். ஊரில் வயதானவர்கள் எல்லோருமே அப்படித்தான். குறிக்காரர் வீட்டில் மட்டும்தான் கிழவன் கிடையாது. இது ஏன் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை? ஊருக்கு உறைக்காவிட்டால் போகட்டும், உருக்கி ஊற்றியவளுக்கு எங்கே போயிற்று புத்தி? மாமனாருக்கு ஊற்றினாள். மூத்த கொழுந்தனாருக்கு வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஊற்றினாள். புருஷனுக்குக் களியில் குழி பறித்து, குழி நிறைய ஊற்றி, சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். பாவி, பாவி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஏறினாள். அழுகை வந்தது. அவன் பார்த்துவிடக் கூடாது என்று முன்னால் நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கண்ணாயியை வெளிச்சத்தில் நிறுத்தி இமையைப் பார்த்தாள், முழங்கையைப் பார்த்தாள், விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். பதினாறு வயதுப் பெண். எனக்கென்ன கண் வலியா என்று கேட்டுச் சிரித்தாள். எல்லாம் சுத்தமாக இருந்தது. ஒரே பிள்ளை, அதற்கு ஒன்றுமில்லை. இருசாயிக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

அடுத்த நாளிலிருந்து அந்த வீட்டின் அடுப்பு மாறிவிட்டது. கொள்ளை வேகவைத்துக் கடைந்தாள். அவரைப் பருப்பும் முருங்கைக் கீரையும் போட்டுக் குழம்பு வைத்தாள். சாமைச் சோற்றுக்கு மிளகு ரசம். பலாப்பழக் காலத்தில் பலா, மற்ற நாளில் வாழைப்பழம். தாளிக்கக்கூட எண்ணெயைச் சொட்டுக் கணக்கில்தான் விட்டாள். செங்கோடன் நாக்கு ருசிக்குப் பழகியவன்தான். இருந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டான். இது துக்க வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கிறதே என்று ஒரே ஒரு நாள் கேலி செய்தான். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, அப்புறம் அதையும் விட்டுவிட்டான். மழை முடிந்தபோது மேட்டுக்காடுவரை நிற்காமல் நடந்து போய்வந்தான். அன்றைக்கு இருசாயி தனியாக மாட்டுக் கொட்டகையில் போய் நின்று அழுதாள். சந்தோஷத்தில்தான்.

ஆனால் பங்கு கொண்டுவருகிறவர்களை என்ன செய்வது? முதலில் வயிறு சரியில்லை என்றாள். பிறகு பத்தியம் என்றாள். வயிறும் பத்தியமும் எத்தனை மாதத்துக்குத் தாங்கும்? நெய்ச்சட்டியோடு வந்தவர்கள் நிறைந்த சட்டியோடு திரும்பிப் போனார்கள். வாங்கிக் கொள்ளாத பங்கை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போக முடியாமல் ஒருத்தி வழியிலேயே கொட்டிவிட்டு அழுதாளாம். அந்த வருஷம் பனிவரகுப் பயிர் பிடிக்காமல் போயிற்று. இரண்டு எருமை செத்தது. பிறகென்ன, இருசாயி தண்ணீருக்குப் போனால் அங்கே பேச்சு நின்றுவிடும்.

ஒரு நாள் உச்சிப்பொழுதில் காளியண்ணன் வந்தார். செங்கோடனுக்குச் சித்தப்பா முறை, இருசாயிக்கு மாமா. கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. அவனைத் தூளியில் தூக்கிக்கொண்டு இறங்கியவர்களில் அவரும் ஒருத்தர். வாசலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஊர் பயந்துபோய்க் கிடக்கிறது என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தார். இருசாயி டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். மாமனார் போனது, மூத்த கொழுந்தனார் போனது எல்லாம் இந்தப் பங்கினால்தான் மாமா என்றாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் கண்ணில்கூடத் தண்ணீர் வந்தது. தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தவர் அல்லவா! ஆனால் அதை ஏற்றுக்கொள்ள அவரால் முடியவில்லை. ஏற்றுக்கொண்டால் அத்தனை பேரைக் கொன்றது யார் என்று ஒரு கேள்வி வரும்.

"டாக்டரு கீழ்நாட்டுக்காரங்களுக்குச் சொல்றாரு, கண்ணு. நம்ம சாமியப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? செங்கோடன் வேண்டாம்னா விட்றலாம். ஆனா பங்கு நிக்கக் கூடாது. மொறப்படி வம்சத்துல இருக்கறவங்கள எல்லாம் கோயில்ல நிக்கவெச்சு, உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் பாக்கோணும். அடுத்த குறி ஆருக்கோ அவுங்களுக்குப் பங்கு போவட்டும்."

இருசாயிக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை எடுத்ததுபோல இருந்தது. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை நாள் பயந்தோம்?

"தாராளமா பாருங்க மாமா. எங்க ஊட்ல வேற ஆருக்கும் இல்லீங்க. வர்ற அமாவாசைக்கே பாருங்க."

அவள் வாயை மூடவில்லை, உள்ளே படுத்திருந்த செங்கோடன் வாசற்படிக்கு வந்துவிட்டான். வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஆரையும் பாக்க வேண்டாம் சித்தப்பா. எனக்கு ஒடம்பு தேவலை. பங்கு இங்கயே வரட்டும்."

காளியண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து அவன் தோளைத் தட்டிவிட்டு, ஊருக்குச் சொல்ல வேக வேகமாகப் போனார். அவர் தலை மறையும்வரை இருசாயி பொறுத்தாள். பிறகு வாய் திறந்தாள் பாருங்கள், அன்றைக்குப் பேசியதுபோல அவள் ஜென்மத்தில் பேசியதில்லை. நாக்கு ருசி உசிரைவிடப் பெரிதாகப் போயிற்றா என்றாள். ஊர் கும்பிடுகிற கும்பிடு கேட்கிறதோ என்றாள். கீரையைப் பறித்துப் பறித்து என் விரல் கறுத்ததுதான் மிச்சம், நீ போய்விட்டால் நான் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது என்றாள். கட்டின நாளிலிருந்து ஏனுங்க, வாங்க, போங்க என்று பேசியவள், நீ என்றே பேசினாள்.  அவன் கொடுவாளை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினான். விடாமல் பின்னாலேயே போனாள்.

மிளகுக் கொடி படர்ந்த மரத்தடியில் அவன் உட்கார்ந்தான். கொஞ்ச தூரத்தில் கண்ணாயி ஓடைத் தண்ணீரில் இறங்கி, மரவள்ளிக் கிழங்கை மண்போகக் கழுவிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ அவ கையப் பாத்த, கண்ணப் பாத்த. காலப் பாத்தியா?" என்றான்.

இருசாயிக்கு முதலில் புரியவில்லை.

"மாசியில அவளுக்கு முள்ளு குத்துச்சுல்ல? எடுத்து உட்டப்ப பாத்தேன். குதிகாலுக்கு மேல. எனக்கும் சின்ன வயசுல அங்கதான் மொதல்ல வந்துச்சு. எங்காத்தாளுக்கு மட்டுந்தான் தெரியும். கண்ணுல வர்ற வரைக்கும் ஆருகிட்டயும் சொல்லல."

வளர்ந்த பிள்ளையின் குதிகாலை எந்தத் தாய் பார்க்கிறாள்? காலை முதல் பொழுதுசாயும்வரை சேற்றிலும் புழுதியிலும் கிடக்கிற கால். இருசாயி ஓடைக்கு இறங்கினாள். கிழங்குக் கூடைக்குக் கை கொடுக்கிறவள்போல மகளுக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகியிருந்த கண்ணாயியின் கால் கரைக்கல்லின்மேல் ஈரமாக, சுத்தமாக இருந்தது. குதிகால் நரம்பின்மேல், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு, மஞ்சள் தினை. இருசாயி அவற்றைத் தொடக் கை நீட்டினாள். தொடவில்லை. என்னம்மா என்று மகள் திரும்பியதும், கல் வழுக்கும், பார்த்து நில்லு என்று சொல்லிவிட்டு மேலே ஏறி வந்தாள். புல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள்.

செங்கோடன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். பெண்ணுக்குக் குறி வந்தால் அவளைக் கட்டிக்கொடுக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். அவன் அத்தை சென்னம்மாளை அப்படித்தான் கருப்பனுக்கென்று வீட்டோடு வைத்து, பங்கு போட்டுப் போட்டு வளர்த்தார்கள், முப்பது வயதில் அவள் கோயில் படியில் விழுந்து செத்துப்போனாள். ஆனால் குறி தெரியும் முன்னே வாழப்போய்விட்டால் கண்ணாயி வேறு வம்சம், வேறு நாடு. பங்கு அவளைத் தேடிப் போகாது. பெரக்கரை நாட்டில் அவளுடைய மாமன் பையன் இருக்கிறான். மாமன் வீட்டில் இப்போது ஒரு சாவு விழுந்திருக்கிறது, வருஷம் திரும்பாமல் பந்தல் போட மாட்டார்கள். அதுவரைக்கும் இந்த ஊர் அடுத்த குறியைத் தேடக் கூடாது. சட்டி காலியாகத் திரும்பிப் போனால் யாரும் தேட மாட்டார்கள்.

ஊருக்கு உண்மையைச் சொல்லிவிடலாமே என்று அவள் கேட்டாள்.

"இன்னிக்குச் சொன்னயே. கேட்டாங்களா?"

 ஒரு வருஷம் உன் நெஞ்சு தாங்குமா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.  இரண்டு பேரும் மகள் கிழங்கு கழுவி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அமாவாசைக்குக் கோயிலில் கிடா வெட்டினார்கள். காளியண்ணனே இலை மூடிய சட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தார். கூடவே நாலைந்து பேர். மாதக்கணக்கில் நின்றிருந்த பங்கு என்று இந்தத் தடவை அதிகமாகவே வைத்திருந்தார்கள். இருசாயி சட்டியை இரண்டு கையாலும் வாங்கினாள். அடுப்பை மூட்டி நெணத்தைத் துண்டு போட்டாள். அது இளகி, நுரைத்து, பொன்னிறமாகத் தெளிய ஆரம்பித்தது. அந்த வாசத்துக்கு ஒரு காலத்தில் அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறும்.  இன்று முந்தானையால் மூக்கைப் பொத்தினால் வாசலில் இருப்பவர்கள் பார்ப்பார்கள் என்று பொத்தாமல் கிளறினாள். கைகள் பழகிய வேலையைச் செய்தன. களியை உருட்டி வைத்துக் குழி பறித்தாள்.

செங்கோடன் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டான். காளியண்ணன் கைகூப்பியபடி பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மழை பெய்யும் பாருங்கள் என்று ஒருத்தர் சொன்னார். கண்ணாயி உள்ளேயிருந்து வந்து, தாவணியால் கை துடைத்துக்கொண்டு அப்பன் பக்கத்தில் குந்தினாள். உருக்கியபின் மிஞ்சுகிற மொறுமொறுப்பான துண்டுகளை எப்போதும் அவளுக்கென்றுதான் ஓரமாக ஒதுக்கி வைப்பான். சின்னப் பிள்ளையிலிருந்து அப்படித்தான். இத்தனை மாதம் அந்த வீட்டில் அதை மெல்லுகிற சத்தமே கேட்கவில்லை. அவள் ஆசையாக இலையோரத்துக்குக் கை நீட்டினாள்.

அந்தக் கை போய்ச் சேரும் முன் செங்கோடன் அத்தனை துண்டுகளையும் ஒரே வாரலாக வாரி வாயில் திணித்துக்கொண்டான். கன்னம் இரண்டும் புடைக்க மெல்ல முடியாமல் மென்றான். உட்கார்ந்திருந்தவர்கள், இத்தனை நாள் விட்ட பசியல்லவா என்று சிரித்தார்கள். நீட்டிய கையை எடுக்கத் தெரியாமல் கண்ணாயி அப்பனையே பார்த்தாள். கேட்டதை இல்லையென்று சொல்லியறியாத மனுஷன். அவள் உதடு பிதுங்கியது. அவன் மகளைப் பார்க்காமல், வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, கண்ணில் முட்டிய தண்ணீரோடு இலையை இருசாயி பக்கம் நகர்த்தினான். இருசாயி கரண்டியைச் சட்டியில் அடிவரை விட்டுக் கோரி, இன்னும் ஒரு கரண்டி அவன் களியில் ஊற்றினாள்.